மூக்கும் தேதியும்

எங்கள் மாமாவோடு மளிகைக் கடைக்குப் போவதைப் போல மானம் போகிற காரியம் வேறு கிடையாது. மாமா என்றால் என் அக்காவின் கணவர். ஒரு பாக்கெட் ரவை வாங்குவதென்றாலும் அலமாரியின் முன்வரிசையில் இருப்பதைத் தொடமாட்டார். முழங்கை வரை கையை உள்ளே விட்டுக் கடைசியில் இருப்பதை இழுப்பார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, பாக்கெட்டைக் கவிழ்த்து, மடிப்பைப் பிரித்து, ஏதோ ஒரு மூலையில் பொடிப்பொடியாக அச்சடித்திருக்கும் தேதியைப் படிப்பார். பிறகு முன்வரிசை பாக்கெட்டையும் எடுத்து அதன் தேதியைப் படிப்பார். இரண்டுக்கும் வித்தியாசம் இருந்துவிட்டால் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். நான் அதற்குள் சோப்பு இருக்கும் பக்கம் போய், அவரைத் தெரியாதவள் மாதிரி நின்றுகொள்வேன்.

கேம்ப் ரோடு கடையில் சாமான் அடுக்குகிறவர் ஒருநாள் பொறுக்க முடியாமல் கேட்டேவிட்டார்.

"இன்னா சார், அடுக்கி வெச்சத டெய்லி வந்து கலைச்சிகினு கீற? எல்லாம் ஒரே மால்தான் சார். முன்னால கீறத எடு."

"ஒரே மால்னா பழசை ஏன் முன்னாடி வெக்கிறீங்க?" என்றார் மாமா.

சாமான் அடுக்குகிறவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "பேஜார் புடிச்ச ஆளு சார் நீ" என்றார். அதற்குப் பிறகு மாமாவைக் கண்டதுமே பின்னாலிருந்து எடுத்து நீட்டத் தொடங்கினார். மாமா அதையும் கவிழ்த்துப் பார்த்துவிட்டுத்தான் கூடையில் போடுவார்.

சேலையூரில் அவர்களுடைய வீடு. கீழே அக்காவும் மாமாவும், மாடியில் நான். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. நான் என் கல்யாணத்திலிருந்து ஒரு பெட்டியோடு வெளியே வந்த அன்று, ஒரு கேள்விகூடக் கேட்காமல் மாடியை ஒழித்துக் கொடுத்தவர் மாமா. மறுநாள் காலை ஒரு பாக்கெட் பிரெட்டை மேலே கொண்டுவந்து வைத்து, "நாளைக்குள்ள முடிச்சிடும்மா, தேதி இருக்கு" என்றார். எனக்கு ஆறுதல் சொல்ல வந்தவர்கள் எத்தனையோ பேர் என்னென்னவோ சொன்னார்கள். எனக்கு நினைவிருப்பது இது ஒன்றுதான்.

மாமா கூடுவாஞ்சேரிக்கு அப்பால் ஒரு பிஸ்கட் கம்பெனியில் பேக்கிங் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஓடுகிற பாக்கெட் மேல் தேதி குத்துகிற இயந்திரம் அவர் பொறுப்பில் இருந்தது. தேதி என்றால் யாரோ மனம் போன போக்கில் போடுவதில்லை என்பார். ஒவ்வொரு தயாரிப்பிலும் கொஞ்சம் எடுத்து ஓர் அறையில் வைத்து, மாதாமாதம் பிரித்துத் தின்று பார்த்துத்தான் போடுவார்களாம். "அது கம்பெனி குடுக்கிற வாக்கும்மா" என்பார். அதிலும் இரண்டு வகை உண்டு என்று எங்களுக்குப் பாடம் நடத்துவார். பெஸ்ட் பிஃபோர் என்று போட்டிருந்தால், அந்தத் தேதிக்கு அப்புறம் மொறுமொறுப்பு போகும், ருசி போகும், ஆள் போகமாட்டான். எக்ஸ்பயரி என்று போட்டிருந்தால் யோசிக்காமல் தூக்கிப் போட வேண்டும். இவ்வளவு விவரம் சொல்கிறவர் வீட்டில் இரண்டையும்தான் தூக்கிப் போட்டார்.

அவருடைய தேதி வெறிக்கு வேறு ஒரு காரணமும் இருந்தது. மாமாவுக்கு வாசனை தெரியாது. சின்ன வயதில் மூக்கில் வந்த ஏதோ தொந்தரவுக்கு ஆபரேஷன் செய்து, மூக்கு வெறும் மூச்சு விடுவதற்கு மட்டும் என்று ஆகிவிட்டது. பால் தீய்ந்தாலும் தெரியாது, கேஸ் கசிந்தாலும் தெரியாது. கல்யாணமான புதிதில் தலை நிறைய மல்லிகை வைத்துக்கொண்டு போய் நின்றால் மனுஷன் செய்தித்தாளை விட்டுத் தலையைத் தூக்கவில்லை என்று அக்கா அழுதிருக்கிறாள். காரணம் தெரிந்த பிறகு அதையே சொல்லிச் சொல்லிச் சிரித்தும் இருக்கிறாள்.

அக்காவின் மூக்கோ நேரெதிர். கேட்டுக்குள் நுழையும்போதே பக்கத்து வீட்டில் என்ன தாளிக்கிறார்கள், அதில் கடுகு கருகியதா என்று சொல்லிவிடுவாள். அவள் தேதி பார்த்து நான் பார்த்ததே இல்லை. மூடியைத் திறப்பாள், மோந்து பார்ப்பாள், நுனி நாக்கில் ஒரு பொட்டு வைப்பாள். "நல்லாத்தான் இருக்கு" என்று சொன்னால் நல்லாத்தான் இருக்கும். மாவுக்கும் ஊறுகாய்க்கும் மீந்துபோன குழம்புக்கும் தேதி கிடையாதே, அங்கெல்லாம் மாமாவுக்கு அவள்தான் கதி. ஸ்பூனில் எடுத்து அவள் மூக்கின் கீழே நீட்டி, "மோந்து பாரு" என்பார். அவள் தலையாட்டினால்தான் வாயில் போடுவார்.

இவ்வளவு நம்பிக்கை இருந்தும் சண்டைக்குக் குறைவில்லை. மாத்திரை அட்டையில் தேதி அச்சடித்த பக்கத்திலிருந்துதான் அக்கா பிய்ப்பாள். பாதி தீர்ந்ததும் மிச்ச அட்டையில் தேதியே இருக்காது. மாமா அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "இது எந்த யுகத்து மாத்திரைன்னு யாராவது சொல்லுங்கப்பா" என்று கூடத்தில் நின்று கேட்பார். "தலைவலி வந்து தேதி கேக்குதா?" என்பாள் அக்கா. நான் சாப்பாட்டு விஷயத்தில் அக்கா கட்சி, மருந்து விஷயத்தில் மாமா கட்சி. இன்றும் அப்படித்தான். கெட்டுப்போன சாம்பார் தன்னைத்தானே காட்டிக்கொடுக்கும். வீரியம் போன மாத்திரை வெள்ளை வெளேரென்று ஒன்றும் தெரியாத மாதிரி உட்கார்ந்திருக்கும்.

தேதி போனதை வேலைக்கு வருகிற அம்மாவுக்குக் கொடுக்கலாமா என்பது இன்னொரு சண்டை. அக்கா மோந்து பார்த்துக் கொடுத்துவிடுவாள். மாமா அவளுக்கு முன்னால் எழுந்து, பாக்கெட்டைக் கத்தரியால் கிழித்துக் குப்பையில் கொட்டிவிடுவார். நாம் சாப்பிட மாட்டோம் என்பதை இன்னொருத்தருக்கு எப்படிக் கொடுப்பது என்பது அவர் வாதம். வேலை செய்கிற அம்மா பாத்திரம் தேய்த்துக்கொண்டே சிரிக்கும். "வயிறு இன்னா சார் காலண்டர் பாத்துகினா கீது?" என்று கேட்கும். மாமா அதற்கும் அசரவில்லை. அடுத்த வாரத்திலிருந்து அந்த அம்மாவுக்கென்று தனியாகப் புது பாக்கெட் வாங்கி வைத்தார், அலமாரியின் கடைசியிலிருந்து எடுத்தது.

உடம்பு சரியில்லாதவர்களைப் பார்க்கப் போகிறவர்கள் சத்துமாவு டின் வாங்கிக்கொண்டு போவது எங்கள் பக்கத்து வழக்கம். வாங்கிக்கொண்டவர்கள் அதைக் குடிப்பது கிடையாது. அலமாரி மேல் ஏற்றி வைத்து, அடுத்து யாராவது படுத்தால் அவர்களுக்கு எடுத்துக்கொண்டு போவார்கள். இப்படியே ஒரு டின் தாம்பரத்தில் புறப்பட்டுக் குரோம்பேட்டை, பொழிச்சலூர் எல்லாம் சுற்றிவரும். மாமாவுக்குக் குடலிறக்க ஆபரேஷன் நடந்தபோது பொழிச்சலூர் சித்தப்பா ஒரு டின் கொண்டுவந்தார். மாமா அவர் எதிரிலேயே அதைக் கவிழ்த்தார். எனக்குத் தலையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. சித்தப்பா போன பிறகு அக்கா டின்னைக் கையில் எடுத்துப் பார்த்தாள். கேம்ப் ரோடு கடையின் சீட்டு ஒட்டியிருந்தது, அதன் மேல் அவளே வைத்த குங்குமக் கறையும் இருந்தது. சித்திக்குக் கால் முறிந்தபோது நாங்கள் கொடுத்ததே திரும்பி வந்திருந்தது. மாமா வயிற்றைப் பிடித்துக்கொண்டு, தையல் வலிக்க வலிக்கச் சிரித்தார்.

அப்புறம்தான் அக்காவுக்கு வயிற்றில் கட்டி என்று தெரிந்தது.

குரோம்பேட்டையில் ஆஸ்பத்திரி. அக்காவை ரத்தம் எடுக்க அனுப்பிவிட்டு டாக்டர் எங்கள் இருவரையும் அறையில் உட்காரவைத்தார். ஆபரேஷனுக்கான கட்டத்தைத் தாண்டிவிட்டது, மருந்து ஏற்றிப் பார்க்கலாம், ஆனால் மாசி வரைக்கும் என்று நினைத்துக்கொள்ளுங்கள் என்றார். அப்போது ஆடி மாதம். மாமா தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். வெளியே வந்ததும் வண்டி நிறுத்தும் இடத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

"அவகிட்ட சொல்லக் கூடாதும்மா. தெரிஞ்சா தாங்க மாட்டா."

எங்கள் குடும்பங்களில் அப்படித்தான். நோய் யாருக்கோ அவருக்கு மட்டும் தெரியாது, தெருவுக்கே தெரியும். எனக்கு அது சரியென்று படவில்லை. ஆனால் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு மறுத்துப் பேச மனம் வரவில்லை. சின்னக் கட்டிதான், மருந்திலேயே கரைந்துவிடும் என்று அக்காவிடம் சொன்னோம். "அப்ப சரி. சரியானதும் கோவளம் போய்க் கடல்ல கால் நனைக்கணும்" என்றாள். சரியானதும் செய்யவேண்டியவை என்று அவள் ஒவ்வொன்றாகத் தள்ளிவைத்துக்கொண்டே போனாள்.

மருந்து ஏற்றத் தொடங்கியதும் முதலில் போனது அவள் மூக்குதான். ஒரு காலையில் காபியை வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். "வெந்நீர் மாதிரி இருக்குடி" என்றாள். வாசனையும் போய் ருசியும் போய், எதை வைத்தாலும் ஒன்றுபோலவே சாப்பிட்டாள். எதிர்ப்புச் சக்தி குறைந்திருக்கிறது, கெட்டது எதுவும் உள்ளே போகக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அதைப் பற்றி எனக்குக் கவலையே இல்லை. தேதி பார்க்கத்தான் மாமா இருக்கிறாரே என்று நிம்மதியாக ஆபீஸுக்கு ரயில் ஏறிக்கொண்டிருந்தேன்.

பார்க்க வந்தவர்கள் டின்னும் ஆப்பிளுமாக வந்தார்கள். மாமா வாங்கி வாங்கி உள்ளே வைத்தார்.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் கீழே இறங்கி வந்தேன். அக்கா கூடத்தில் சாய்ந்து உட்கார்ந்து டம்ளரில் சத்துமாவுப் பால் குடித்துக்கொண்டிருந்தாள். பாதி முடிந்திருந்தது. தலையணையைச் சரிசெய்யக் குனிந்த எனக்கு மூக்கில் குப்பென்று அடித்தது. பழைய எண்ணெய் வாடை. டம்ளரைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு அடுக்களைக்கு ஓடினேன். மேடை மேல் டின் திறந்து கிடந்தது. கவிழ்த்துப் பார்த்தேன். அதன் தேதி போன வருஷமே முடிந்திருந்தது.

"மாமா, தேதி பாக்கலையா?"

வாயிலிருந்து வந்துவிட்ட பிறகுதான் என்ன கேட்டோம் என்று எனக்கே உறைத்தது. அந்த வீட்டில் யாரும் மாமாவைப் பார்த்துக் கேட்க நேர்ந்திராத கேள்வி. அவர் டின்னை வாங்கி வெறித்துப் பார்த்தார். கண்ணாடி நெற்றிக்கு ஏறவில்லை.

"பாக்கலம்மா" என்றார். "தோணவே இல்ல."

குளிர்சாதனப் பெட்டியைத் திறந்தேன். தயிர், பன்னீர், பாதி பிரெட், எல்லாம் தேதி தாண்டியவை. எத்தனை நாளாக அவர் அதன் கதவைத் திறந்தும் எதையும் பார்க்காமல் மூடிக்கொண்டிருந்தாரோ.

கூடத்திலிருந்து அக்காவின் குரல் வந்தது. "ரெண்டு பேரும் இங்க வாங்க."

போய் நின்றோம். பரீட்சையில் மாட்டிக்கொண்ட பிள்ளைகள் மாதிரிதான் நின்றோம்.

"பாதி டம்ளர்ல ஒண்ணும் ஆயிடாது, அது கெடக்கட்டும்" என்றாள். "ஏங்க, கல்யாணத்துக்கு வந்த பிஸ்கட் டப்பாவையே மணமேடையில திருப்பிப் பாத்தவரு நீங்க. நீங்க தேதி பாக்க மறந்துட்டீங்கன்னா, டாக்டர் சொன்னது வேற, நீங்க எங்கிட்ட சொன்னது வேற."

"அலைச்சல்ல மறந்திருப்பாருக்கா" என்றேன்.

"நீ சும்மா இருடி. உனக்குச் சின்ன வயசுலருந்தே பொய் சொல்ல வராது." அவள் கண்களை மாமாவை விட்டு எடுக்கவில்லை. "சொல்லுங்க. எனக்கு டாக்டர் குடுத்தது எக்ஸ்பயரியா, பெஸ்ட் பிஃபோரா?"

மாமா அவள் காலடியில் தரையில் உட்கார்ந்துவிட்டார். அவர் அழுது நான் பார்த்ததில்லை. குரல் இல்லாமல், தோள் மட்டும் குலுங்க அழுதார். அக்கா அவர் தலைமேல் கையை வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

"பெஸ்ட் பிஃபோர்தான்" என்றார் கடைசியில். "மாசின்னு சொன்னாரு."

"அப்ப சரி" என்றாள் அக்கா.

அப்புறம்தான் அவளுக்குக் கோபம் வந்தது. சாதாரணக் கோபம் இல்லை. என் உடம்பைப் பற்றி ஊருக்கெல்லாம் தெரியும், எனக்குத் தெரியக் கூடாதா, நான் என்ன குழந்தையா என்று எங்கள் இருவரையும் கிழித்தெடுத்துவிட்டாள். மூச்சு வாங்கியது. முடித்துவிட்டு, "போங்க, போய் ஃப்ரிட்ஜைப் பாருங்க" என்று மாமாவை விரட்டினாள். மாமா மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்து போய், ஒவ்வொன்றாக வெளியே எடுத்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் படித்து, கத்தரியால் கிழித்துக் கொட்டினார். "அந்த எலுமிச்சங்கா ஊறுகாய்ல கைய வெச்சீங்க, அவ்வளவுதான்!" என்று கூடத்திலிருந்து சத்தம் வந்தது. பல மாதங்களுக்குப் பிறகு அந்த வீட்டில் சண்டை கேட்டது. நான் மாடிப்படியில் உட்கார்ந்து அழுது தீர்த்தேன்.

தெரிந்துகொண்ட பிறகு அக்கா செய்த முதல் காரியம், சரியானதும் என்று தள்ளிவைத்ததையெல்லாம் முன்னால் இழுத்ததுதான். அடுத்த ஞாயிற்றுக்கிழமையே கார் வைத்துக்கொண்டு கேளம்பாக்கம் வழியாகக் கோவளம் போனோம். மாமாவின் தோளைப் பிடித்துக்கொண்டு அலையில் கால் நனைத்தாள். கருவாடு காயப்போட்டிருந்த பக்கமாகக் காற்று வீசியது. நான் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டேன். அவர்கள் இரண்டு பேரும் ஒன்றும் தெரியாமல் நின்றுகொண்டிருந்தார்கள்.

"ஏங்க, உங்களுக்கு எப்பவும் இப்படித்தானா இருந்துச்சு?" என்று கேட்டாள் அக்கா. "கடல்கூட இப்படித்தானா?"

"பழகிடுச்சு" என்றார் மாமா.

"இது தெரியாம மல்லிப்பூவுக்கு அழுதேனே" என்று அவர் கையைத் தட்டிக்கொடுத்தாள்.

பொங்கலுக்குப் பிறகு மருந்து ஏற்றுவதை நிறுத்திவிடலாம் என்று அவளே டாக்டரிடம் சொன்னாள். அவளே உட்கார்ந்து, அவளே கேள்விகள் கேட்டு, அவளே எடுத்த முடிவு. நாங்கள் பக்கத்தில் இருந்தோம், அவ்வளவுதான். மருந்து நின்று கொஞ்ச நாளில் ஒரு காலை கீழேயிருந்து என் பெயரைச் சொல்லிக் கத்தினாள். என்னவோ ஏதோ என்று விழுந்தடித்து ஓடினால், காபி டம்ளரை முகத்தோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். "வாசனை வருதுடி" என்றாள். அன்றைக்கு மாமா வீட்டில் இருந்த டப்பாவையெல்லாம் எடுத்துவந்து ஒவ்வொன்றாக அவளிடம் நீட்டினார். பெருங்காயம், மிளகு, மாவு. அவள் ஒவ்வொன்றுக்கும் தீர்ப்பு சொன்னாள். அவ்வளவு சந்தோஷமான காலை அந்த வருஷத்தில் வேறு இல்லை.

மாசி வந்தது, போனது. பங்குனியிலும் இருந்தாள். காலையில் மாமா கதவைத் திறந்ததும், "பாருங்க, தேதி தாண்டியும் நல்லாத்தான் இருக்கேன்" என்பாள். மாமா சிரிக்க முயற்சி செய்வார். மொறுமொறுப்பு போய்விட்டது என்பதும் அவளே சொன்னதுதான். சித்திரை வெயிலில் ஒரு மத்தியானம், மின்விசிறிக்குக் கீழே, மாமாவின் கை அவள் கைக்குள் இருக்க, போய்விட்டாள்.

இப்போதும் மாமா கடையில் முழங்கை வரை கையை விடுகிறார். நான் இப்போது சோப்புப் பக்கம் போய் நிற்பதில்லை. அவர் படித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே கூடையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். மாத்திரை அட்டைகளை அவர் சொன்ன பக்கத்திலிருந்துதான் பிய்க்கிறேன்.

காலையில் காபிக்கு முன்னால் மாடிப்படியில் அவர் செருப்புச் சத்தம் கேட்கும். கையில் ஏதாவது இருக்கும். முதலில் மாவும் குழம்பும் கொண்டுவந்தார். அது எனக்குப் புரிந்தது. ஆனால் நேற்று கொண்டுவந்தது பால். முந்தின சாயங்காலம் நாங்கள் இருவருமாகப் போய், பின்வரிசையிலிருந்து எடுத்து, அவரே கவிழ்த்துப் பார்த்து வாங்கிய பாக்கெட். அப்போதுதான் முனையை வெட்டியிருந்தார்.

"இன்னும் தேதி இருக்கே மாமா" என்றேன்.

"தேதி இருக்கும்மா" என்று பாக்கெட்டை என் மூக்கின் கீழே நீட்டினார். "நீ மோந்து பாரு."

மோந்து பார்த்தேன். "நல்லாத்தான் இருக்கு" என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டு, பாலைச் சிந்தாமல் பிடித்துக்கொண்டு படியிறங்கிப் போனார்.